லேபர் கேம்ப்பிலிருந்து பிரேசில் எந்தத் திசை?

போன மாதம் மங்களா என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். முப்பத்தொரு வருஷம் நான் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். எங்களுடையது கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம். எந்த நாட்டில் கப்பல் நிற்கிறதோ அந்த நாட்டுத் துறைமுகம் வரைக்கும் ஆட்களை விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் மேஜையின் வேலை. படத்தில் இருந்தது என் கையெழுத்தில் ஒரு பழைய பயணத்தாள். கிடங்கை ஒழித்தபோது ஒரு கட்டே கிடைத்ததாம். கூடவே, என்னை மராத்தியில் சித்தப்பா என்று கூப்பிட்டு, ஒரு கேள்வி. "காகா, எல்லாத் தாளிலும் வீட்டிலிருந்து விமான நிலையம் என்ற கட்டத்தில் ஆறு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்களே. உங்கள் ஆட்கள் எல்லாரும் அவ்வளவு தூரம் தள்ளி நாசிக்கிலா குடியிருந்தார்கள்?"

அவளிடம் இப்போது ஒரு கணினிச் செயலி இருக்கிறது. இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எங்கே மாற வேண்டும் என்று நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் சொல்லிவிடுகிறது. தாராவியிலிருந்து, மும்பையின் வெளிநாட்டு விமானங்கள் கிளம்பும் சஹார் விமான நிலையத்துக்கு முப்பத்தெட்டு நிமிஷம் என்கிறது. தப்பென்று நான் சொல்லமாட்டேன். அந்தச் செயலிக்குப் பேச்சியம்மாவைத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. தாராவியை ஒட்டிய தமிழர் குடியிருப்பான மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து, பி.காம். முடித்து, டைப்பிங் தெரியும் என்று பொய் சொல்லிச் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் மாதமே பெயர் வாங்கினேன். நியூயார்க் போகிற ஒரு சமையல்காரர், எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டார். அட்டவணையைப் பார்த்தேன். இங்கே கிளம்புவது காலை ஏழு மணி, அங்கே இறங்குவது பிற்பகல் மூன்று மணி. விரலை மடக்கி எட்டு மணி நேரம் என்றேன். இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒரே சூரியனைப் பார்த்து ஓடவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் என்னை நம்பி, இன்றைக்குச் சாயங்காலமே அங்கேயிருந்து போன் பண்ணுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே அந்த அம்மாள் வாசலில் நின்றார். இரவெல்லாம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த முகம். அவர் கேட்ட முதல் கேள்வி, விமானம் விழுந்துவிட்டதா என்பதுதான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் கூட்டல் கழித்தலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவர் கேப்டன் மிஸ்திரி. பார்சிக்காரர். இருபது வருஷம் கடலில் இருந்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு மேலாளராக வந்தவர். கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நிலைமை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குக் குரல் இறங்கும். அவர் கிசுகிசுத்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அவர் மேஜையில் ஒரு பூமி உருண்டை இருக்கும். அரபிக்கடல் பக்கம் விரல் பட்டுப்பட்டுச் சாயம் போயிருக்கும். பக்கத்தில் மெழுகு பூசிய ஒரு முழ நூல். எந்த ஊர் என்றாலும் முதலில் அந்த நூலை மும்பையில் ஒரு நுனி, அந்த ஊரில் ஒரு நுனி வைத்து இழுத்துப் பிடிப்பார். "இது பறவைக்கு," என்பார். பிறகு விமானம் மாறும் ஊர் வழியாக நூலை மடக்கி, "இது நமக்கு," என்பார்.

கிலோமீட்டரை அவர் கேட்டதே கிடையாது. ஓர் ஆளை அனுப்பினால், அந்த ஆள் கப்பலில் ஏறிவிட்டார் என்று தகவல் வரும்வரை அவர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். எத்தனை மணி? அதாவது, இந்த நிமிஷத்தில் அந்த ஆளுக்கும் கப்பலின் ஏணிக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் இருக்கிறது. சாப்பிடும்போது கேட்பார். லிஃப்டில் கேட்பார். ஒருமுறை கழிப்பறையில் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். நான் பத்தொன்பதரை என்று சொல்லிவிட்டுத்தான் வந்த வேலையை முடித்தேன்.

பயணத்தாளைப் பின்னாலிருந்து முன்னால் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வீட்டிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. கப்பல் எத்தனை மணிக்குக் கயிறு அவிழ்க்கிறது, அதற்கு எவ்வளவு முன்னால் ஏணியைத் தூக்குவார்கள், துறைமுக வாசலில் எவ்வளவு நேரம், சாலையில் எவ்வளவு, குடியேற்ற வரிசையில் எவ்வளவு, விமானம், மாற்று விமானம், அதற்கு முந்தைய காத்திருப்பு என்று ஒவ்வொரு கட்டமாகப் பின்வாங்கி, கடைசியில்தான் ஆளின் வீட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம் வரும்போது எனக்கு அலுத்துப் போயிருக்கும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தாராவி, வடாலா, செம்பூர். விமான நிலையம் கூப்பிடு தூரம். ஒரு மணி நேரம்தான் என்று 'ஒன்று' எழுதிவிட்டு டீ குடிக்கப் போவேன். பல வருஷம் அந்த ஒன்று என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

செல்வம் எங்கள் வாசல் பெஞ்சுக்கு வந்தது கைபேசி வந்துவிட்ட, ஆனால் செங்கல் கனத்தில் இருந்த காலம். வயது இருபத்தொன்பது. தாராவியில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். பட்டறை மூடிவிட்டது. தேவையான பயிற்சி, மருத்துவச் சான்று, மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லாம் முடித்துக்கொண்டு எட்டு மாதம் தினமும் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான். கடைசியில் ஒரு சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. கப்பல் பிரேசிலில் சான்டோஸ் துறைமுகத்தில் நின்றது. புதன்கிழமை அந்த ஊர் நேரம் காலை ஆறு மணிக்குக் கிளம்பிச் சீனா போகிறது. அதை விட்டால் நடுக்கடலில் ஏற முடியாது. வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அது மட்டுமில்லை, 'சேரத் தவறினார்' என்று பெயருக்கு எதிரே ஒரு வரி விழுந்துவிட்டால் எந்த அலுவலகமும் லேசில் அவனைத் தொடாது. மறுபடி பெஞ்சுதான்.

கேப்டன் நூலை இழுத்தார். மும்பையிலிருந்து சாவோ பாலோவுக்குப் பறவை போகிற வழி பதின்மூவாயிரத்து எழுநூற்றைம்பது கிலோமீட்டர் போல. நமக்கு ஜோகன்னஸ்பர்க்கில் மாற வேண்டும் என்பதால் பதினாலாயிரத்து நானூறு. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு இங்கே கிளம்பினால், அங்கே அன்று நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்கு இறங்கலாம். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் பதின்மூன்று மணி நேரம். எட்டரை மணி நேர வித்தியாசத்தைச் சேர்த்தால் இருபத்தொன்றரை. குடியேற்றம் ஒரு மணி, சான்டோஸுக்குச் சாலையில் இரண்டரை மணி. நான்கு மணிக்குத் துறைமுகம். நாலரைக்கு ஏணியைத் தூக்குகிறார்கள். கையில் மிச்சம் அரை மணி நேரம்.

முந்தைய விமானத்தில் இடமில்லை. கேப்டன் அந்த அரை மணியை விரலால் ஒருமுறை தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை மதியம் பேச்சியம்மா வந்தார். செல்வத்தின் அம்மா, லேபர் கேம்ப்காரர். நான் லேபர் கேம்ப்பை விட்டுச் செம்பூருக்குக் குடிபோய்ப் பல வருஷம் ஆகியும், அங்கே எல்லாருக்கும் நான் அண்ணாச்சிதான். அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, செவ்வாக்கெழம அஷ்டமி. செவ்வாயும் அஷ்டமியும் சேந்து வர்ற அன்னைக்கு எம் புள்ளய வாசப்படி தாண்ட விடமாட்டேன். புதங்கெழம காலைல அனுப்புதேன்."

புதன்கிழமை காலையில் கப்பலே இருக்காது என்று சொன்னேன். அவர் அசையவில்லை. பத்து நிமிஷம் பேசினேன். பூமி உருண்டையைக் காட்டினேன், நூலைக் காட்டினேன். அவருக்கும் கண் கலங்கியதே தவிர வாய் சம்மதிக்கவில்லை. அப்போதுதான் எனக்குள் இருக்கும் கோமாளி விழித்துக்கொண்டான்.

மாட்டுங்காவில் அலுவலக வேலைக்கென்று வந்து குடியேறிய பழைய தமிழ்க் குடும்பங்களில் பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் உண்டு. நாள் சரியில்லாத அன்று கட்டாயம் கிளம்ப வேண்டியிருந்தால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. ரயிலில் யாரோ பேசக் கேட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் நான் பேசிய தோரணையைப் பார்த்திருந்தால் நாலு தலைமுறையாகப் பஞ்சாங்கம் போடும் குடும்பம் என்று நினைத்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை வெளியே எடுத்துவிடுங்கள், செல்வம் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டான், செவ்வாய்க்கிழமை அவன் கிளம்பவில்லை, வழியில் போய்க்கொண்டிருக்கிறான் என்றேன். அவர் முகம் தெளிந்தது.

"எந்த வீட்ல வைக்கணும்?"

"போற திசைல இருக்கற வீட்ல."

"பிரேசிலு எந்தத் திச?"

இங்கேயாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். கையில் நூல் இருந்தது. இழுத்துப் பிடித்துக் காட்டி, தென்மேற்கு என்றேன்.

"தென்மேக்கன்னா வொர்லி. எந் தங்கச்சி வீடு இருக்கு," என்றார். "பையில என்ன வைக்கணும்?"

"ஏதோ துணிமணின்னு வச்சா செல்லாது. பயணத்துக்கு ரொம்ப முக்கியமானத வைக்கணும்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, கேன்டீனில் இரண்டு வடை கூடுதலாகத் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்கு டிக்கெட்டுகளோடு சஹாரில் நின்றேன். அதே கப்பலுக்குப் போகிற துக்காராம் என்ற சமையல்காரர் முன்னாலேயே வந்துவிட்டார். ரத்னகிரிக்காரர். பெட்டியின் வாய் பிளந்துகொண்டிருந்தது. எட்டரைக்குச் செல்வமும் பேச்சியம்மாவும் டாக்ஸியிலிருந்து இறங்கினார்கள். புது நீலச் சட்டை, நெற்றியில் திருநீறு, தோளில் ஒரு சின்னப் பை. வழக்கம்போலக் கையை நீட்டி, பாஸ்போர்ட்டும் கடலோடிப் புத்தகமும் கொடு என்றேன்.

"அது பரஸ்தானத்துல இருக்கு சார்," என்றான் செல்வம்.

முதலில் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காதில் சரியாகத்தான் விழுந்தது.

"நீங்கதான அண்ணாச்சி சொன்னீய, முக்கியமானத வைக்கணும்னு?" என்றார் பேச்சியம்மா. "வழில போய்க்கிட்டு இருக்கவன் பின்னால திரும்பி வொர்லிக்குப் போகக் கூடாதுல்லா. அதான் எந் தங்கச்சி வீட்டுக்காரரே பைய ஏர்போர்ட்டுக்குக் கொண்டாந்து குடுத்துருவாரு. எட்டு மணிக்கே வாறேன்னாரு."

ஆக, பிரேசில் போகிற ஃபிட்டரின் பாஸ்போர்ட், விமான நிலையத்துக்கு நேர் எதிர்த் திசையில், என் ஆலோசனையின்பேரில் இரண்டு ராத்திரி தங்கியிருக்கிறது. பயணிகள் பதிவு மேஜை பத்தரைக்கு மூடும். இன்னும் இரண்டு மணி நேரம்.

காத்திருந்தோம். ஒவ்வொரு டாக்ஸியாக வந்து நின்றது. எல்லாவற்றிலிருந்தும் சூட்கேஸ்களும் அழுகிற உறவுக்காரர்களும் இறங்கினார்கள். செல்வத்தின் சித்தப்பா சுடலைமுத்து இறங்கவில்லை. ஒன்பது மணிக்கு வொர்லியில் அவர்கள் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் பேசினேன். சித்தி வந்து, அவர் ஆறேமுக்காலுக்கே பையோடு டாக்ஸி ஏறிவிட்டார் என்றார். சித்தப்பாவிடம் கைபேசி கிடையாது. பேச்சியம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதேகாலுக்குக் கைபேசி அடித்தது. கேப்டன்.

"எத்தனை மணி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பாஸ்போர்ட் கையில் இல்லை, அவன் சித்தப்பாவிடம் இருக்கிறது, சித்தப்பாவைக் காணோம் என்றேன். ஏன் சித்தப்பாவிடம் போனது என்பதை அவர் கேட்கவில்லை, நானும் நல்லபிள்ளையாக விட்டுவிட்டேன்.

"நான் கேட்டது எத்தனை மணி."

"இருபத்தேழே கால், கேப்டன். அதோடு, தெரியாது."

குரல் இறங்கியது. கைபேசியைக் காதுக்குள் திணித்துக்கொண்டேன். ஓடாதே, எண்ணு என்றார். வொர்லியிலிருந்து அந்த நேரத்தில் டாக்ஸிக்கு எவ்வளவு என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். அப்படியானால் அவர் ஏழேமுக்காலுக்கு வந்திருக்க வேண்டும், ஒன்றரை மணி நேரம் தாமதம். பிறகு அவர் ஹிந்தியில் சொன்னது எனக்கு இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "அரை மணி தாமதமானவன் சாலையில் மாட்டியிருக்கிறான். ஒன்றரை மணி தாமதமானவன் வந்து சேர்ந்துவிட்டான், தப்பான இடத்தில்." வைத்துவிட்டார்.

பேச்சியம்மாவிடம் திரும்பி, சித்தப்பா இதற்கு முன் விமான நிலையத்துக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டேன். மில்லில் வேலை பார்த்த காலத்தில் அவர் முதலாளியை மெட்ராஸுக்கு வழியனுப்ப இரண்டு மூன்று தடவை மாலையோடு போயிருக்கிறார் என்றார். மெட்ராஸுக்கு. உள்நாட்டு விமானம், அதற்குத் தனி நிலையம். சாந்தாகுரூஸ்.

துக்காராமை உள்ளே அனுப்பினேன். பதிவு வரிசையில் கடைசி ஆளாக நில், செல்வம் உன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறவரை உன் பெட்டி வேலை முடியக் கூடாது என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முடியாது சாப், கவலைப்படாதீங்க. அஞ்சு கிலோ கூடுதலா இருக்கு," என்றார் நிம்மதியாக. செல்வத்தை வாசலைவிட்டு நகராதே என்று நிறுத்திவிட்டு நான் ஆட்டோ பிடித்தேன்.

சஹாரிலிருந்து சாந்தாகுரூஸ் நிலையம் ஐந்து கிலோமீட்டர் இருக்குமா? பதினாலாயிரத்து நானூறு கிலோமீட்டரை எத்தனையோ முறை அனாயாசமாக எழுதியிருக்கிறேன். அந்த ஐந்தில் ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. தலைக்கு மேலே விமானங்கள் மட்டும் தடையில்லாமல் ஏறிப்போயின. நான் ஆட்டோவுக்குள் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்தால் வண்டி சீக்கிரம் போகும் என்று என் உடம்புக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு இறங்கினேன். வாசலுக்கு எதிரே பெஞ்சில் ஒருவர், சலவைச் சட்டை, ஷூ, மடியில் ஒரு ரெக்ஸின் பை. பையின் வாரை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார். சுடலைமுத்துவா என்றேன்.

"ஆமா. நீரு யாரு?"

"செல்வத்தோட ஆபீஸ். பையக் குடுங்க, நேரமாச்சு."

"செல்வம் எங்க?"

"இன்னொரு ஏர்போர்ட்ல இருக்கான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊருக்கு ரெண்டு ஏர்போர்ட்டா? நாப்பது வருசமா பம்பாய்ல இருக்கேன். யார்ட்ட கத விடுதீரு?"

என் அடையாள அட்டையைக் காட்டினேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. படத்தில் எனக்கு முடி வேறு இருந்தது. அவர் வாரை நாலாவது சுற்றுச் சுற்றினார்.

"பயணம் போறவன் கையிலதான் குடுக்கணும்னு மதினி சொல்லியிருக்கா. யாரோ ஒரு அண்ணாச்சி சாஸ்திரம் சொன்னாராம்."

"அந்த அண்ணாச்சி நான்தான்."

"அப்படியா? அப்ப ஒமக்கே தெரியுமே, கைமாத்தக் கூடாதுன்னு."

இப்படி ஒரு பதில் வந்தால் எவன் என்ன செய்ய முடியும்? நான் சொல்லாத விதியைக்கூட நானே சொன்னதாக ஊர் சேர்த்துவிட்டிருந்தது. பை வேண்டாம், நீங்களே பையோடு வாருங்கள் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எழுந்தார். ஆட்டோவில் ஏறியபின் பையை மடியில் அணைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். மணி பத்தே கால். மூன்று சிக்னல் தாண்டி, "இது வடக்கால போகுதே," என்றார். "பிரேசிலு தென்மேக்கன்னுல்லா சொன்னா?"

நான் ஓட்டுநரிடம் இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

பத்து இருபத்தாறுக்குச் சஹார். செல்வம் நின்ற இடத்திலேயே நின்றான். சித்தப்பா வாரை அவிழ்க்க ஆரம்பித்தார். நாலு சுற்று. என் மனைவி எனக்குச் சம்மதம் சொல்ல எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம் எடுத்தது போலிருந்தது. செல்வம் பையையும் என் கையிலிருந்த டிக்கெட்டையும் வாங்கி, வாசல் காவலரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே ஓடினான். பேச்சியம்மா திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் கண்ணாடிக் கதவு மூடிவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் அவன் அதே கதவு வழியாகத் திரும்பி வருவான். நீலச் சட்டை போட்ட யார் தெரிந்தாலும் பேச்சியம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. தன் மகன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று ஒரு தாய் அப்படி வேண்டிக்கொண்டு நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பதினொன்று. பதினொன்றே கால். நான் அவரிடம், பரஸ்தானம் பற்றி எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். தைரியம் வரவில்லை. பதினொன்று நாற்பதுக்குப் பலகையில் விமானம் கிளம்பிவிட்டதாக எழுத்து மாறியது. கதவு வழியாக நீலச் சட்டை வரவில்லை. சுடலைமுத்து பெருமூச்சு விட்டு, இங்கே டீ எவ்வளவு என்று கேட்டார்.

கைபேசி அடித்தது. "எத்தனை மணி?"

"இருபத்தைந்து, கேப்டன்."

மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்கு, சான்டோஸில் விடியற்காலை நான்கு மணியாக இருக்கும்போது, என் மேஜையில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. கையிருப்பு அரை மணி நேரம்தான். ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் தாமதமாகியிருந்தால்? குடியேற்ற வரிசை நீண்டிருந்தால்? கேப்டன் தன் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார், கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான். ஒன்றேகாலுக்கு ஃபேக்ஸ் இயந்திரம் கொட்டாவி விட்டு ஒரு தாளைத் துப்பியது. துறைமுக ஏஜென்டிடமிருந்து ஒரே வரி. ஃபிட்டரும் சமையல்காரரும் நான்கு பத்துக்குக் கப்பல் ஏறினர்.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேப்டன் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மெல்லிய குரலில் கேட்டார். பாஸ்போர்ட் ஏன் வொர்லியில் இருந்தது?

எல்லாவற்றையும் சொன்னேன். வடை தின்றதைத் தவிர. அவர் சிரிக்கவில்லை. பூமி உருண்டையைத் தன் பக்கம் திருப்பி, நூலை மும்பையிலும் சாவோ பாலோவிலும் வைத்து இழுத்து, சாய்த்துப் பார்த்தார். "மேற்கு-தென்மேற்கு. திசை சரிதான்," என்றார். என்னுடைய வேலையில் அவர் சரி என்று சொன்னது மிகக் குறைவு. அதில் ஒன்று இது. பிறகு என் பயணத்தாளை எடுத்து, கடைசிக் கட்டத்தில் நான் போட்டிருந்த 'ஒன்று' என்ற எண்ணைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பேச்சியம்மா மறுபடி வந்தார். எள்ளுருண்டை டப்பா கொண்டுவந்திருந்தார். செல்வம் ஒரு சுற்று முடித்து வந்து இரண்டாவது கப்பலுக்கும் போய்விட்டான். இப்போது வந்தது மருமகனுக்காக. யோகஹாமாவில் கப்பல், வெள்ளிக்கிழமை விமானம். அன்றைக்கு நவமி.

"நீங்க சொன்ன பரஸ்தானந்தான் அண்ணாச்சி அன்னைக்கு எம் புள்ளயக் காப்பாத்துச்சு," என்றார். "இவருக்கும் அதேதான் செய்யப்போறோம். ஜப்பானு கெழக்கதான? வடாலால எங்க நாத்தனா வீடு இருக்கு."

கேப்டனின் கதவு திறந்திருந்தது. பூமி உருண்டை தெரிந்தது. நூலும் தெரிந்தது. நான் எழுந்து போகவில்லை.

"வடக்கு," என்றேன்.

"ஜப்பானா? கெழக்கன்னு மருமவன் சொன்னாரே."

"லேபர் கேம்ப்பிலேருந்து எல்லா நாடும் வடக்கதாம்மா."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அன்றைக்கு நான் தென்மேற்கே காட்டியது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. பெரிய மனசு, கேட்கவில்லை.

"வடக்க எங்களுக்கு யாரு வீடும் இல்லயே. ஏர்போர்ட்டுதான் இருக்கு."

"அங்கயே வைங்க. பையையும் வைங்க, பக்கத்துல மருமகனையும் வைங்க. ஆறு மணி நேரம் முன்னாலேயே."

அவர் சம்மதமாகத் தலையாட்டினார். நான் பேனாவைத் திறந்து, கடைசிக் கட்டத்தில் ஆறு என்று எழுதினேன்.